‘ஒருவேளை’ப் பையும் கோட்டுப் பனியனும்

சோவியத் நாட்டின் அன்றாட உடைமைகள் பலவற்றுக்குப் பெயரே வேலையைச் சொல்லிவிடும். ‘உஷான்கா’ என்ற தொப்பியின் பெயர் காதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘தெலக்ரெய்கா’ என்றால் உடம்புக்குச் சூடு தருவது. ‘தெல்னியாஷ்கா’ உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பனியன். அழகுக்கென்று செய்யப்படாத இந்தப் பொருள்களைத்தான் பிற்காலத்து ஃபேஷன் உலகம் தேடிப்போய் எடுத்துக்கொண்டது.

இவற்றில் மிக எளியது ‘அவோஸ்கா’ என்ற நூல் வலைப்பை. ‘அவோஸ்’ என்றால் ‘ஒருவேளை’. கடைக்கு எப்போது என்ன வந்து இறங்கும் என்று தெரியாத காலத்தில், ஒருவேளை ஏதாவது கிடைத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்த பை அது. வலைப்பை வேறு நாடுகளிலும் உண்டு. அந்தப் பெயர் மட்டும் 1930களின் சோவியத் நாட்டுக்கே சொந்தம். பார்வையற்றோர் சங்கத்தின் பட்டறைகளில் இது பெருமளவில் பின்னப்பட்டது. சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். பொருளைப் போட்டால் பொருளின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். முட்டைக்கோஸ் போட்டால் உருண்டை, பால் புட்டி போட்டால் நீளம். யார் என்ன வாங்கினார்கள் என்று தெருவுக்கே தெரியும். சுமை கூடினால் கைப்பிடி விரலை அறுக்கும். பிளாஸ்டிக் பை வந்ததும் ஓரங்கட்டப்பட்ட இது, பிளாஸ்டிக்கின் மீது வெறுப்பு வந்த காலத்தில் நாகரிகக் கடைகளின் அலமாரிக்குத் திரும்பியது.

தெல்னியாஷ்காவின் அழகு கோடுகளின் கணக்கில் இருக்கிறது. 1858இல் பிரெஞ்சுக் கடற்படை கோட்டுப் பனியனைச் சீருடையாக்கியது. 1874இல் ரஷ்யக் கடற்படையிலும் அது சேர்ந்தது. தொடக்கத்தில் வெள்ளைப் பட்டை நீலத்தைப்போல நான்கு மடங்கு அகலம். 1912இல் இரண்டும் சம அகலமாயின. இன்று கண்ணுக்குப் பழகிய தோற்றம் அப்போது வந்ததுதான். நல்ல தெல்னியாஷ்காவில் கோடு அச்சடித்ததாக இருக்காது. இரு நிற நூல்களை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பின்னியதாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் உள்பக்கத்திலும் அதே கோடு தெரியும். சோவியத் பாராசூட் படைக்கு வான்நீலக் கோடு வந்தது. அந்தப் படையை நெடுங்காலம் நடத்திய தளபதி வசீலி மார்கேலவின் பெயரோடு சேர்த்தே அதைச் சொல்வார்கள்.

தெலக்ரெய்கா பஞ்சுச் சட்டை. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்து, அது ஓரிடத்தில் திரளாமலிருக்க மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத் தைத்தது. சிப்பாயும் கட்டடத் தொழிலாளியும் சிறைக்கைதியும் அணிந்தது இதையேதான். அந்தத் தையல் வரிகள் அலங்காரமாகத் தெரிந்தாலும், அவை இல்லாவிட்டால் பஞ்சு கீழே இறங்கித் தோள் குளிர்ந்துபோகும். ‘வாலென்கி’ பூட்ஸில் தையலே கிடையாது. ஆட்டுக் கம்பளியைக் காலைவிடப் பெரிதாக உருவாக்கி, வெந்நீரில் நனைத்து, பிசைந்து, அடித்துச் சுருக்குவார்கள். மரபான வாலென்கியில் இடது வலது என்ற பேதம் இல்லை. போட்டுப் போட்டு அந்தந்தக் காலுக்குப் பழகிக்கொள்ளும். உஷான்காவோ, பின்லாந்துப் போரின் குளிரில் பழைய கூர்முனைத் துணித்தொப்பி போதாமல் போனபின் 1940இல் செஞ்சேனைக்கு வந்தது.

கைக்கடிகாரங்களில் சுவைஞர்கள் கொண்டாடுவது ‘அம்ஃபிபியா’. சிஸ்தபோல் நகரத்து வஸ்தோக் ஆலை 1967இல் இதைக் கொண்டுவந்தது. 200 மீட்டர் ஆழம் தாங்குவதற்கு விலையுயர்ந்த இறுக்கமான திருகு தேவைப்படவில்லை. பின்மூடியைத் தனி வளையம் ஒன்று பிடித்துக்கொள்ளும். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமே மூடியை ரப்பர் வளையத்தின் மீது அமுக்கும். நீர் உள்ளே வராமல் தடுப்பது நீரேதான். சாவித்திருகைத் திருகித் திறந்தால் அது தளர்ந்து ஆடும். புதிதாக வாங்கியவர் பழுது என்று பயப்படுவார். அடி பட்டால் உள்ளே இருக்கும் தண்டு வளையாமலிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். 2004இல் வெளிவந்த வெஸ் ஆண்டர்சனின் ‘தி லைஃப் அக்வாட்டிக்’ படத்தில் பில் முர்ரேயின் கையில் இருந்தது இந்தக் கடிகாரம்.

மேற்கின் ஆசை இரண்டு அலைகளாக வந்தது. முதல் அலை கோர்பசேவ் காலத்தில். ழான் போல் கோத்தியே 1986இல் ரஷ்ய எழுத்துகளைத் துணியில் ஏற்றினார். இத்தாலியில் சோவியத் கடிகார மோகம் பரவியது. இரண்டாம் அலை 2010களில். மாஸ்கோவின் கோஷா ருப்சின்ஸ்கி, சுகுமியில் பிறந்த தெம்னா க்வசாலியா ஆகிய இருவருமே 1991இல் நாடு கலைந்தபோது சிறுவர்கள். அரங்கக் கனவுகளை விட்டுவிட்டு, தொள தொளப்பான மேல்சட்டை, விளையாட்டுக் காற்சட்டை, ரஷ்ய எழுத்து பொறித்த டிஷர்ட் என்று தெருவில் பார்த்ததையே மேடையேற்றினார்கள். தெம்னா 2015இல் பலென்சியாகாவின் கலை இயக்குநரானார். குறைந்த விலையும் பற்றாக்குறையும் உருவாக்கிய தோற்றம் பெரும் விலைக்குப் போனது என்ற முரணை விமரிசகர்கள் சுட்டிக்காட்டாமல் விடவில்லை. அந்தப் பஞ்சுச் சட்டையைக் கட்டாயத்தால் அணிந்தவர்களை நினைத்தால் அந்தக் குறை நியாயமானதே.

இந்தப் பொருள்களை எடைபோட ஓர் எளிய வழி உண்டு: பெயர் சொல்லும் வேலையை அது இன்னும் செய்கிறதா என்று பார்ப்பது. செயற்கை மயிரும் சிவப்பு நட்சத்திரமும் ஒட்டிச் சுற்றுலாப் பயணிக்கு விற்கும் உஷான்கா அதில் தேறாது. அது நினைவுப்பொருள் மட்டுமே. அம்ஃபிபியா தேறும், சிஸ்தபோலில் இன்றும் தயாராகிறது, இன்றும் நீருக்குள் போகிறது. எல்லாவற்றிலும் முதலிடம் வலைப்பைக்குத்தான். எந்த ஊர்ச் சந்தைக்கு எடுத்துப்போனாலும் காய்கறி தாங்கும்.