கடவுளாக நடித்தானா? ஷிப்மன் விசாரணை அறிக்கை: ஒரு திறனாய்வு

தொடர்கொலைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே விடையில் வந்து நிற்கின்றனர். கொலையாளி அதிகாரத்தை விழைந்தான். பிறர் உயிர் தன் கையிலிருப்பதில் இன்பங்கண்டான். கடவுளாக நடித்தான் என்பர். இவ்விடை நம் மறையுரைகளிலும் புகுந்துவிட்டது. இது எவ்வளவு பொருந்தும் என்பதை ஓர் ஆவணத்தைக்கொண்டு ஆராய்வோம். நீதிபதி ஜேனட் ஸ்மித் அம்மையார் 2002 ஜூலையில் வெளியிட்ட ஷிப்மன் விசாரணையின் முதல் அறிக்கையே அது.

ஹெரால்ட் ஷிப்மன் இங்கிலாந்தில் முதலில் டாட்மர்டனிலும், 1977 முதல் மான்செஸ்டரை அடுத்த ஹைட் நகரிலும் குடும்ப மருத்துவனாயிருந்தவன். தன் நோயாளிகளான 15 பெண்களைக் கொன்றதாக 2000 ஜனவரியில் தீர்ப்புப் பெற்றான்; 2004 ஜனவரியில் சிறையிலேயே மாண்டான். 1975 முதல் 1998 வரை அவன் 215 பேரைக் கொன்றான் என்றும், மேலும் 45 இறப்புகளில் ஐயங்கொள்ளக் காரணம் உண்டென்றும் அறிக்கை முடிவு செய்தது. கொல்லப்பட்டோருள் 171 பேர் பெண்கள், பெரும்பாலோர் முதியோர். அவன் கையாண்ட முக்கியக் கருவி, நோவைத் தணிக்கும் டையாமார்ஃபின் ஊசி.

உயிரையும் சாவையும் ஆளும் அதிகாரமே அவனைக் கவர்ந்தது என்று அரசுத்தரப்பு வழக்குரைஞர் நீதிமன்றத்தில் வாதிட்டார். வேறு சிலர் அவனது இளமையை நோக்குகின்றனர். புற்றுநோயுற்ற தாய்க்கு மருத்துவர் வீட்டிற்கு வந்து மார்ஃபின் செலுத்தியதைக் கண்டவன் அவன். 17 வயதில் தாயை இழந்தான். அக்காட்சியையே அவன் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நிகழ்த்தினான் என்பது இவர்கள் கருத்து.

அம்மையார் இவற்றுள் எதனையும் முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை. உளமருத்துவர்களின் கருத்தைக் கேட்டறிந்தார். எனினும் ஷிப்மன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவுமில்லை, மனத்தைத் திறந்து காட்டவுமில்லை. 1976இல் அவன் பெத்திடின் மருந்துக்கு அடிமையாகி, பொய்ச்சீட்டு எழுதித் தண்டனை பெற்றிருந்தான். கொலையும் அத்தகையதோர் அடிமைத்தனமாய் இருந்திருக்கலாம் என்னும் அளவில் அம்மையார் நின்றுவிட்டார். இந்த அடக்கமே அறிக்கையின் சிறப்பு என்போம். நமக்கு இதில் பாடமும் உண்டு. ஆண்டவன்போல் தோன்றியவன் ஒருவேளை அடிமையாகவே இருந்தான். பாவத்தை அடிமைத்தனமாகக் கண்ட பவுலடியாருக்கு இது வியப்பளித்திராது.

‘கடவுளாக நடித்தான்’ என்னும் கூற்று இறையியலிலும் குறையுடையது. விரும்பியபோது உயிரைப் பறிப்பவரே கடவுள் என்று அது சொல்லாமற் சொல்கிறது. நாம் அறிக்கையிடுகிறவரோ அடிமையின் கோலமெடுத்துச் சீடரின் கால்களைக் கழுவியவர். ஷிப்மன் நடித்தது அவரையன்று. மனிதர் கற்பித்துக்கொண்ட கொடுங்கோலனையே. அப்பெயரை அவனுக்குச் சூட்டுவது, அவன் விரும்பியிருக்கக்கூடிய பெருமையை நாமே வழங்குவதாகும்.

அறிக்கையில் ஒரு குறையும் காண்கிறோம். கொன்றவனின் மனத்தை முதல் நூல் ஆராய, அவனுக்கு இடங்கொடுத்த அமைப்பு 2003இல் வந்த அடுத்த நூல்களுக்குத் தள்ளப்பட்டது. முதல் நூலோடு நிறுத்துவோர், இஃது ஒருவனின் மனக்கோளாறே என எண்ணிவிடக்கூடும். ஆனால் இறப்புச் சான்றிதழில் கையொப்பமிட்டவன் கொன்றவனே. தகனத்துக்கு வேண்டிய இரண்டாம் மருத்துவரின் கையொப்பம் வெறுஞ்சடங்காயிற்று. ஓர் அண்டை மருத்துவர் 1998 மார்ச்சில் ஐயம் தெரிவித்தும், காவல்துறை சரிவர ஆராயாது கைவிட்டது. அதன்பின் மேலும் மூவர் மாண்டனர். எல்லா இறப்புகளையும் தனி மருத்துவர் ஒருவர் சரிபார்க்கும் முறை இங்கிலாந்தில் 2024 செப்டம்பரிலேயே சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதிகார வேட்கை பலரிடம் உண்டு. கேள்வி கேட்பார் இல்லாத இடத்திலேயே அது கொலையாக முற்றுகிறது.

திருப்பணியாளராகிய நாமும் நோயுற்றோர் வீடுகளில் தனியே நுழையும் உரிமை பெற்றவர்கள். அங்கி கண்டு கதவு திறக்கிறது; நம் சொல்லை எவரும் சோதிப்பதில்லை. ஹைட் நகரில் முதலில் ஐயுற்றோருள் சவ அடக்கப் பணியாளரும் ஒரு டாக்சி ஓட்டுநரும் இருந்தனர். நம் சபைகளில் அத்தகைய எளியவர் ஆயரைக் குறித்து ஐயம் எழுப்பினால், கேட்பதற்குச் செவி உண்டா? கொலையாளியின் உள்ளம் நமக்கு என்றும் புலப்படாமற் போகலாம். இக்கேள்விக்கு விடை நம் கையிலிருக்கிறது.