மூச்சை எண்ணச் சொல்லும் கையேடு – ஒரு திறனாய்வு

இருமலும் காய்ச்சலுமாக ஒரு குழந்தையைத் தாய் சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வருகிறாள். அங்கே எக்ஸ்ரே கருவி இல்லை. மருத்துவர் வர நேரமாகும். இருப்பவர் செவிலியர் ஒருவரே. அவர் எதைப் பார்க்க வேண்டும்? எந்தக் குழந்தைக்கு வீட்டு வைத்தியம் போதும்? எந்தக் குழந்தையை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்?

இக்கேள்விகளுக்கு விடை கூறுவதற்கென்றே ஒரு கையேடு உண்டு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1990-களின் நடுவில் வகுத்த ‘குழந்தை நோய்களின் ஒருங்கிணைந்த மேலாண்மை’ என்னும் திட்டத்தின் அட்டவணைக் கையேடே அது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. 2014-ல் திருத்திய பதிப்பு வெளிவந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கான பகுதியைச் சேர்த்து விரிவாக்கி இந்தியாவும் இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

மருத்துவக் கையேட்டை இயற்பியல் ஆசிரியன் திறனாய்வு செய்யலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். இக்கையேட்டின் உயிர்நாடி அளவீடு. அளவீட்டைப் பற்றி இயற்பியலுக்குச் சொல்ல ஏதோ சிறிது உண்டு அல்லவா?

முதலில் நிறைகளைக் காண்போம். குழந்தையைப் பார்த்தவுடன் நான்கு அபாய அறிகுறிகளைத் தேடும்படி கையேடு கூறுகிறது. குழந்தையால் பாலோ நீரோ குடிக்க முடியவில்லையா? உட்கொண்ட அனைத்தையும் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? சோர்ந்து துவண்டோ நினைவிழந்தோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. அதன் பிறகே இருமல், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காதுநோய், ஊட்டக்குறைவு என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நிறம் உண்டு. இளஞ்சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சள் என்றால் அங்கேயே மருந்து. பச்சை என்றால் வீட்டுப் பராமரிப்பு. பரபரப்பான நேரத்திலும் எதுவும் விட்டுப்போகாத ஏற்பாடு இது.

இருமலுள்ள குழந்தையிடம் கையேடு கேட்கும் முக்கியமான எண், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது. நிமோனியாவில் நுரையீரல் விறைத்துப்போகிறது. விறைப்பான சுருள்வில்லை நீளமாக இழுப்பது கடினம். சிறிது சிறிதாகப் பலமுறை இழுப்பது எளிது. குழந்தையின் உடலும் அவ்வாறே ஆழமில்லாத மூச்சை வேகமாக விடுகிறது. பப்புவா நியூ கினியில் ஃபிராங்க் ஷானும் அவருடைய குழுவினரும் 1980-களில் இவ்வழியில் ஆராய்ந்தனர். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1988-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலுவூட்டியது. இன்று கையேட்டில் உள்ள எல்லைகள் இவை: 2 மாதம் முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு எல்லை 60; அந்த எண் வந்தால் மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் முதல் குறை இங்கேதான் தொடங்குகிறது. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று கையேடு சொல்கிறது. ஏன் முழு நிமிடம் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. காரணம் தெரியாத விதி, கூட்டம் மிகுந்த நாளில் முதலில் கைவிடப்படும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா என்றே யாருக்கும் தோன்றும்.

கணக்கிட்டுப் பாருங்கள். பதினைந்து விநாடியில் 12 மூச்சு என்றால் நிமிடத்துக்கு 48. 13 என்றால் 52. இடையில் வேறு எண்ணே கிடையாது! ஒரே ஒரு மூச்சைத் தவறவிட்டால் விடை நான்கு குறைகிறது. பத்து மாதக் குழந்தை மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறிவிடுகிறது. அதாவது, மருந்து தேவைப்படும் குழந்தை மருந்தின்றி வீடு திரும்புகிறது. முழு நிமிடம் எண்ணும்போது ஒரு மூச்சுப் பிழை ஒரு மூச்சுப் பிழையாகவே நிற்கும். தனி ஊசலின் அலைவு நேரம் காண ஓர் அலைவை அளக்காமல் இருபது அலைவுகளை அளக்கிறோமே, அதே தத்துவந்தான். மேலும் குழந்தையின் மூச்சு கடிகாரம்போல் சீராக ஓடுவதில்லை. சற்று நின்றும் விரைந்தும் செல்லும். இந்த நான்கு வரியை அட்டவணையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கலாம்.

இரண்டாவது குறை: எல்லை எண் நோயின் பெயராகவே எழுதப்படுகிறது. 49 என்றால் சாதாரணச் சளி, 50 என்றால் நிமோனியா என்று இயற்கை கோடு கிழித்து வைக்கவில்லை. எல்லை எண் ஒரு சல்லடை. கண்ணைச் சிறிதாக்கினால் மருந்து தேவைப்படாத பல குழந்தைகளும் அதில் தங்கி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பெறுவார்கள். பெரிதாக்கினால் நோயுற்ற குழந்தை நழுவிவிடும். நழுவவிடுவதைவிடக் கூடுதலாகப் பிடிப்பது மேல் என்று வல்லுநர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வு சரியானதே. ஆயினும் அது தேர்வு என்பதைச் செவிலியர் அறிந்திருக்க வேண்டும். மூச்சில் இரைப்புச் சத்தமுள்ள குழந்தைக்கு மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் எண்ணுமாறு கையேடே கூறுவது இதனால்தான்.

வயிற்றுப்போக்குப் பகுதி இதைவிடச் சிறப்பாக அமைந்துள்ளது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மறைய இரண்டு விநாடிக்கு மேல் ஆகுமானால் அது கடும் நீரிழப்பின் அறிகுறி. ஆனால் மிகவும் மெலிந்த குழந்தைக்கு நீரிழப்பு இல்லாமலே தோல் மெதுவாகத் திரும்பும். கொழுத்த குழந்தைக்கு நீரிழப்பு இருந்தும் விரைவாகத் திரும்பும். ஆகவே ஓர் அறிகுறியை மட்டும் நம்பாமல், குழிந்த கண், குடிக்கும் விதம், குழந்தையின் நிலை ஆகியவற்றோடு சேர்த்து இரண்டாவது பொருந்த வேண்டும் என்கிறது கையேடு. ஒரு சாட்சியைவிட இரு சாட்சிகள் மேல்.

உப்பு–சர்க்கரைக் கரைசலிலும் காரணம் விடுபட்டுள்ளது. பொட்டலத்தில் குறித்த அளவு நீரைக் குறைத்தால் கரைசல் செறிவாகி, சவ்வூடு பரவலால் உடலின் நீரையே குடலுக்குள் இழுக்கும். இந்தச் செறிவு முக்கியம் என்பதால்தான் 2002-ல் லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோலாக இருந்ததை 245-ஆகக் குறைத்தார்கள். இதை அறிந்த தாய் பொட்டலத்தைக் கால் டம்ளரில் கரைக்கமாட்டாள்.

மொத்தத்தில் இது நல்ல கையேடு. விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்தில் கண், கை, கடிகாரம் ஆகியவற்றையே கருவிகளாக்கித் தருகிறது. அடுத்த பதிப்பில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு வரி காரணம் சேர்ந்தால் அதன் பயன் பன்மடங்காகும்.

மாணவர்களே, நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் நலமாக உறங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். இதை ஐந்து முறை செய்யுங்கள். பிறகு முழு நிமிடமாக ஐந்து முறை எண்ணுங்கள். இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். எது அதிகம் சிதறுகிறது என்று பார்த்தபின், அந்த ஒரு நிமிடத்தின் அருமையை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.