வைரசு எதிர்ப்பு மென்பொருள் மதிப்பீடு: சிறு அலுவலகங்களின் நோக்கில்

வைரசு எதிர்ப்பு மென்பொருள் என்பது கணினிக்குள் நுழையும் தீநிரல்களைக் கண்டறிந்து தடுப்பதற்காக நிறுவப்படும் மென்பொருள் ஆகும். இதனை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: நூற்றுக்கு எத்தனை தீநிரல்களைப் பிடித்தது? கேள்வி தவறானதன்று, ஆனால் அது பாதிக் கேள்விதான். பிடிக்கக் கூடாத கோப்பைப் பிடித்ததா, பிடித்த பிறகு கணினியை எந்த நிலையில் விட்டது என்பது மறுபாதி. சிறு அலுவலகங்களில் வேலை நின்றுபோவது பல நேரங்களில் இந்த மறுபாதியால்தான்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் உள்ள சென்னீர்குப்பம் போன்ற புறநகர்ப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடை, வரிக்கணக்கு பார்க்கும் அலுவலகம், பட்டறையில் பில் போடும் அறை என எங்கும் ஒன்றிரண்டு கணினிகளே இருக்கும். டாலி, ஜிஎஸ்டி கணக்கு, ஆதார் அச்சு, வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் செய்முறை அனைத்தும் அதே கணினியில் நடக்கும். பழுது பார்க்கத் தனிப் பிரிவு கிடையாது. எந்த மென்பொருளை வாங்குவது என்பதைக் கணினியைப் பூட்டிக் கொடுத்தவரோ, பெட்டியின் விலையோ முடிவு செய்கிறது. இணையத்தில் தேடிப் பார்ப்பவருக்குக் கிடைப்பவை ஐரோப்பிய ஆய்வகங்களின் மதிப்பெண் பட்டியல்கள்.

மதிப்பெண் பட்டியல்கள்

இத்துறையில் பெயர் பெற்ற ஆய்வகங்கள் மூன்று: செருமனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆசுத்திரியாவின் இன்சுபுருக்கில் உள்ள ஏவி-கம்பாரட்டிவ்ஸ், 1998 முதல் விபி100 சான்றிதழ் வழங்கிவரும் இங்கிலாந்தின் வைரஸ் புல்லட்டின். இவை நேர்மையாகச் செயல்படுபவை; சோதனை முறைகளையும் வெளியிடுகின்றன. குறை ஆய்வகங்களிடம் இருப்பதைவிட, அவற்றின் முடிவுகளைப் படிக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்ற மூன்று தலைப்புகளில் தலா 6 வீதம் மொத்தம் 18 மதிப்பெண் தருகிறது. பயன்பாட்டு எளிமை என்றவுடன் பொத்தான்களின் அழகு, திரையின் தெளிவு என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அத்தலைப்பின் கீழ் அளக்கப்படுவது பொய் எச்சரிக்கை, அதாவது நல்ல கோப்பைத் தீநிரல் என்று சொல்லும் பிழை. இவ்வளவு முக்கியமான ஒன்றை இப்படியொரு பெயருக்குள் வைத்தால் வாங்குபவர் அதைப் பார்க்காமல் கடந்துவிடுவார். விபி100 முன்பு இதில் கண்டிப்பாக இருந்தது: நல்ல கோப்புகளின் தொகுப்பில் ஒன்றைத் தவறாகப் பிடித்தாலும் அக்காலத்தில் சான்றிதழ் கிடைக்காது.

பொய் எச்சரிக்கையின் எடையை எளிய கணக்கால் உணரலாம். ஒரு கணினியில் 2 இலட்சம் கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் பிழை நேர்ந்தால் 20 நல்ல கோப்புகள் பூட்டி வைக்கப்படும். அவற்றில் ஒன்று இயங்குதளத்தின் கோப்பாக இருந்தால் கணினியே எழாது.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காபி நிறுவனம் அனுப்பிய 5958 எண்ணுள்ள புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் சேவைத் தொகுப்பில் உள்ள 'எஸ்விசி ஹோஸ்ட்' என்ற அடிப்படைக் கோப்பையே வைரசு என்று பிடித்தது. பல நாடுகளில் அலுவலகக் கணினிகள் பிணைய இணைப்பை இழந்து, திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அன்று இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இரு நிகழ்விலும் வெளியாள் எவரும் தாக்கவில்லை. காவலே கதவை உடைத்தது.

மொழியும் ஒரு காரணி

தமிழ்ப் பயனர்கள் கவனிக்க வேண்டியது 2007 மே மாத நிகழ்வு. சைமன்டெக் நிறுவனத்தின் நார்ட்டன் மென்பொருள், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு அமைப்புக் கோப்புகளைப் பின்கதவுத் தீநிரல் என்று ஒதுக்கிவைத்தது. மறுமுறை இயக்கியபோது அக்கணினிகள் எழவில்லை. ஆங்கிலப் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு இச்சிக்கல் நேரவில்லை. சோதனை மேசையில் எந்த மொழி இருந்ததோ அந்த மொழிக்காரர் தப்பினார்.

தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இயங்கும் விதத்தை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விசைப்பலகையில் அழுத்தப்படும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்து, அதைத் தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்புவதே அவற்றின் வேலை. கடவுச்சொல் திருடும் தீநிரலும் முதல் பாதியில் இதையேதான் செய்கிறது: விசைகளை இடைமறிக்கிறது. நடத்தையை வைத்துச் சந்தேகிக்கும் முறைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். உள்ளூரில் ஒருவர் எழுதிக் கொடுத்த பில் மென்பொருளுக்கும் இந்த இடர் உண்டு. அதில் எண்முறைக் கையொப்பம் இருக்காது. உலகில் பத்துக் கணினிகளில் மட்டுமே இருக்கும். அரிதானது என்பதே ஐயத்துக்குக் காரணமாகிவிடும். இவற்றை எந்த ஆய்வகப் பட்டியலும் அளந்து சொல்லாது. அந்தந்த அலுவலகம்தான் சோதித்தறிய வேண்டும்.

பழுது பார்த்தல்

பென்டிரைவில் உள்ள கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறிவிடும் 'ஷார்ட்கட் வைரசு' ஜெராக்ஸ் கடைகளுக்கு நன்கு அறிமுகமானது. பென்டிரைவ் தானாக இயங்கும் வசதியை மைக்ரோசாப்ட் விண்டோஸ் 7-இலும், 2011 பிப்ரவரி புதுப்பிப்பின் வழியாகப் பழைய பதிப்புகளிலும் நிறுத்திவிட்டது. எனவே இவ்வகைத் தீநிரல் பயனரின் கையாலேயே தன்னை இயக்கிக்கொள்கிறது: உண்மைக் கோப்புறையை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழியை வைக்கிறது. எதிர்ப்பு மென்பொருள் வந்து குறுக்குவழியை அழிக்கிறது. மறைக்கப்பட்ட கோப்புறையை வெளிக்கொணராமல் விட்டுவிடுவதும் உண்டு. பென்டிரைவைத் திறந்தால் காலியாக இருக்கும். 'எல்லாம் அழிந்துவிட்டது' என்று எண்ணிப் பென்டிரைவைப் பார்மட் செய்துவிடுவோர் பலர். அந்த நொடியில்தான் உண்மையான இழப்பு நேர்கிறது. பென்டிரைவின் பண்புகளைப் பார்த்தால் இடம் நிரம்பியிருப்பது தெரியும். 'அட்ரிப்' கட்டளையால் மறைப்பை நீக்கினால் கோப்புகள் திரும்பக் கிடைத்துவிடும். துப்புரவு செய்தபின் இதையும் தானே செய்யும் மென்பொருளுக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம். எந்தப் பட்டியலிலும் அதற்கொரு கட்டம் இல்லை.

புதுப்பிப்பு ஏறவில்லை என்ற புகாருக்கு இணைய இணைப்பைக் குறை சொல்வது வழக்கம். பழைய கணினியாக இருந்தால் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால் கணினி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும்; பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும்; புதுப்பிப்பும் நின்றுவிடும். சிறு தொகைக்குக் கிடைக்கும் பேட்டரியை மாற்றினால் தீரும் குறைக்காக உரிமத்தையே புதிதாக வாங்கியவர்கள் உண்டு.

கணினி மந்தமாகிவிட்டால் இரண்டு எதிர்ப்பு மென்பொருள்கள் சேர்ந்து இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் உடன்வரும் டிபென்டர், வேறொன்று முறையாக நிறுவப்பட்டால் தானே ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வாங்கிய இரண்டு அப்படி ஒதுங்குவதில்லை. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று சோதிக்கும். பழையதை நீக்கும்போது அந்நிறுவனமே தரும் நீக்கக் கருவியைப் பயன்படுத்துவது நல்லது.

ஒரு கோப்பு பிடிபட்டால், அது உண்மையான தீநிரலா என்று அறிய வைரஸ்டோட்டல் தளம் உதவும். பல பத்து நிறுவனங்களின் கருத்தை ஒரே இடத்தில் காட்டும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் பொய் எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கு ஏற்றப்படும் கோப்புகளைப் பாதுகாப்பு நிறுவனங்கள் பெறமுடியும். வாடிக்கையாளரின் வரிக்கணக்கை அங்கே ஏற்றுவது கூடாது.

இலவசமும் உள்ளூரும்

இலவசம் என்பதற்கும் விலை உண்டு. அவாஸ்ட் நிறுவனம் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020-இல் வெளிவந்தது, ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்த வைத்தது. காவல்காரனே வீட்டு விவரத்தை விற்ற கதை இது.

உள்ளூர்ப் பொருள் என்ற வகையில், 1991-இல் கேசவர்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் சென்னையைச் சேர்ந்தது. அனைத்துலகச் சோதனைகளிலும் பங்கேற்பது. புனேயின் குயிக் ஹீல் இன்னொன்று. பக்கத்து ஊர் என்பதற்காக மதிப்பெண் கூட்ட வேண்டியதில்லை; குறைக்கவும் வேண்டியதில்லை. தொலைபேசியில் தமிழில் பேசிச் சிக்கலைச் சொல்ல முடிவது மட்டும் சிறு அலுவலகத்துக்கு நியாயமான கூடுதல் தகுதி.

எந்த மென்பொருளும் செய்ய முடியாத வேலையையும் கணக்கில் வைக்க வேண்டும். 2017 மே 12 அன்று பரவிய வானாகிரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதை ஏற்றாமல் எதிர்ப்பு மென்பொருளை மட்டும் நம்பியிருந்த அலுவலகங்கள் முதல் அலையிலேயே இடருக்கு ஆளாயின. கணினியிலிருந்து கழற்றி வைத்த வன்தட்டில் நகல் இருந்தவர் மறுநாள் வேலையைத் தொடர்ந்தார்.

சென்னீர்குப்பத்து வரிக்கணக்கு அலுவலகம் ஒன்று உரிமத்தைப் புதுப்பிக்குமுன் ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பது கடினமன்று. ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பை இறக்கிப் பார்க்கலாம், அது தீங்கற்றது, மென்பொருள் விழித்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும், திறமையைச் சொல்லாது. பிறகு டாலி, தமிழ்த் தட்டச்சு, உள்ளூர் பில் மென்பொருள், அச்சுப்பொறி அனைத்தையும் ஒருசேர இயக்க வேண்டும். ஒதுக்கிவைத்த கோப்பை மீட்கும் வழி எளிதில் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இச்சோதனையை மார்ச் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளாமல், வேலை குறைந்த மாதத்தில் செய்வது நல்லது.