சைலோவைக் குலுக்குவதற்கு முன்

சிமென்ட், மாவு, சுண்ணாம்புத்தூள், பழுப்பு நிலக்கரி என்று சைலோவில் எதைக் கொட்டி வைத்தாலும், அடியில் கதவைத் திறந்தால் தானாக இறங்கிவிடும் என்றுதான் நினைக்கிறோம். இறங்காத அன்று சம்மட்டி வெளியே வரும். ஜெர்மனியோ அரியலூரோ, பழைய சைலோவின் அடியிலுள்ள ஹாப்பரின் கூம்பைப் பார்த்தால் அடிபட்ட பள்ளங்கள் தெரியும். வெளியே பள்ளம் என்றால் உள்ளே மேடு. அந்த மேட்டில் தூள் தங்கும், தங்கிய தூள் அடுத்த அடைப்புக்கு வழி செய்யும், மறுபடியும் சம்மட்டி தேவைப்படும். இதற்கு மாற்றாக வந்ததுதான் கூம்பின் மேல் பொருத்தும் வைப்ரேட்டர். சம்மட்டியைவிட அது பல மடங்கு மேல். ஆனாலும் அதை நம்பும் அளவுக்கு நாம் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் கருத்து.

தூள் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு ஜெர்மனியில் 1895-லேயே பாதி விடை கிடைத்துவிட்டது. பிரேமன் நகரப் பொறியாளர் யான்சென், தானியக் கிடங்குகளில் அழுத்தத்தை அளந்து ஜெர்மன் பொறியாளர் சங்க இதழில் எழுதினார். தொட்டியில் தண்ணீர் ஏற ஏற அடித்தள அழுத்தமும் ஏறும். தானியத்தில் அப்படியில்லை, ஓர் உயரத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறக்குறைய நின்றுவிடும். மிச்ச எடையைச் சுவரின் உராய்வு தாங்கிக்கொள்கிறது. நம் வீட்டு நெற்குதிரிலும் இதே விதிதான். நெல் உதிரியானது, அடித்துளையில் தடையின்றி வரும். மாவோ டைட்டானியம் டைஆக்சைடோ அப்படியல்ல. துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வாய்க்கு மேலே வளைவு கட்டி நிற்கும். இல்லாவிட்டால் நடுவில் மட்டும் கிணறு போலக் குழி விழுந்து, ஓரத்துச் சரக்கு மாதக்கணக்கில் அசையாது.

வைப்ரேட்டரின் வேலை அந்தப் பிடியைத் தளர்த்துவது. மின் வகையில் மோட்டார் தண்டின் இரு முனையிலும் ஒருபக்கமாக எடை கூடிய தகடுகள் இருக்கும். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தி விசையைக் கூட்டலாம், குறைக்கலாம். இருமுனை மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்று சுற்றும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். காற்றழுத்த வகையில் உருண்டையோ பிஸ்டனோ டர்பைனோ அதே வேலையைச் செய்யும். இருக்கிற சைலோவில், அதிக நாள் உற்பத்தியை நிறுத்தாமல் மாட்டிவிடலாம். விலையும் சைலோவை மாற்றும் செலவில் சிறு பங்குதான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பயன், மனிதன் உள்ளே இறங்க வேண்டியதில்லை என்பது. வளைவு கட்டிய சைலோவுக்குள் கம்பியோடு இறங்குவது இந்தத் தொழிலில் உள்ள கொடிய வேலைகளில் ஒன்று. காலடியில் உறுதியாகத் தெரியும் பரப்புக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். அது உடைந்தால் ஆளும் சேர்ந்து புதைவார், தானியத்தில் புதைந்தவரை இழுத்தெடுப்பது எளிதல்ல. ஜெர்மனியின் சட்டப்பூர்வ விபத்துக் காப்பீட்டு அமைப்பு, சைலோக்களுக்கும் குறுகிய இடங்களுக்கும் தனி விதித் தொகுப்பே வைத்திருக்கிறது. எழுத்துமூல அனுமதி, வெளியே கண்காணிக்க ஓர் ஆள் என்று அது கேட்கிறது. ஓர் உள்நுழைவைத் தவிர்த்தாலே வைப்ரேட்டர் வாங்கிய காசு நியாயமாகிவிடும்.

இனி குறைகள். முதல் குறை இயற்பியலிலேயே இருக்கிறது. அடிவாய் மூடியிருக்கும்போது அதிர்வு கொடுத்தால், தளர்வதற்குப் பதில் சரக்கு இறுகும். கான்கிரீட்டை இறுக்கவும் இதே கருவியைத்தானே பயன்படுத்துகிறோம்? கதவு திறந்தால் மட்டும் ஓடும்படி மின் இணைப்பைப் பூட்ட வேண்டும். சில நொடி அதிர்வு, பிறகு இடைவெளி என்று இயக்க வேண்டும். விடிய விடிய ஓடவிடுகிற ஆலைகள் அடைப்பைத் தாங்களே உருவாக்குகின்றன.

அடுத்தது கூம்பின் தகடு. வைப்ரேட்டரை மெல்லிய கூம்புச் சுவரில் நேராகப் பற்றவைத்தால் சில மாதத்திலேயே விரிசல் ஓடும். நீளமான விறைப்புச் சட்டத்தில் பொருத்தி, பற்றவைப்பை விட்டுவிட்டுச் செய்து, கழன்றால் கீழே விழாதபடி கம்பிவடம் கட்ட வேண்டும். அந்தக் கம்பிவடத்தைத்தான் முதலில் மறப்பார்கள். கலவைப் பொருளில் அதிர்வு பொடியையும் பருமனையும் பிரித்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். சத்தமும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி 80 டெசிபலைத் தாண்டினாலே காதுக் காப்பு தர வேண்டும், 85-இல் அணிவது கட்டாயம். உருண்டை வகைகள் இதை எளிதில் மீறும். சத்தம் தாங்காமல் தொழிலாளர் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மீண்டும் சம்மட்டியைத் தேடினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதிர்வில் தூசியும் எழும். தூசி என்றாலே 1979 பிப்ரவரி 6-ஐ மறக்க முடியாது. யான்சென் எழுதிய அதே பிரேமனில், ரோலண்ட் மாவு ஆலை தூசி வெடிப்பில் சிதறி 14 பேர் இறந்தார்கள். அதற்கும் வைப்ரேட்டருக்கும் தொடர்பு இல்லை. ஆனால் படிந்த மாவு காற்றில் எழும்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. ஆகவே மாவு, சர்க்கரை, நிலக்கரிச் சைலோக்களில் தூசி வெடிப்பு அபாய மண்டலத்துக்குச் சான்று பெற்ற கருவியைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது.

என் முக்கியமான குற்றச்சாட்டு கருவி மீதல்ல, அதை வாங்கும் பழக்கத்தின் மீது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜெனிகி 1964-இல் வெளியிட்ட முறைப்படி, தூளின் பிடிப்பையும் சுவர் உராய்வையும் அளந்து, கூம்பின் சரிவையும் வாயின் குறைந்தபட்ச அகலத்தையும் கணக்கிடலாம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆய்வாளர்கள் ஷ்வேடெஸும் ஷுல்ட்சேயும் அதை வளர்த்தார்கள். இவற்றை அளக்கும் ஷுல்ட்சேயின் வளையக் கருவிக்குச் சிறிதளவு தூள் போதும். இவ்வளவு அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், எல்லாத் தூளுக்கும் ஒரே சரிவு வைத்துச் சைலோ கட்டுவதும், பிறகு பக்கத்தில் வைப்ரேட்டர் மாட்டுவதும் நிற்கவில்லை. அளக்கும் செலவு முதலிலேயே கண்ணில் படுகிறது, அடைப்பின் செலவு ஆண்டுக்கணக்கில் சிதறிக் கிடக்கிறது.

சரக்கின் குணம் நாளுக்கு நாள் மாறும் இடங்கள் உண்டு. நெய்வேலியில் மழைக்காலத்துப் பழுப்பு நிலக்கரியையோ ஜெர்மனியில் மறுசுழற்சிக் கழிவையோ எந்தக் கூம்புக் கணக்கும் முழுதாகப் பிடிக்காது. அங்கே அழுத்தக் காற்றைச் சட்டென்று பாய்ச்சும் காற்றுப் பீரங்கியோ வைப்ரேட்டரோ தேவைதான். ஆனால் ஒரே தரச் சிமென்ட்டுக்குக் கட்டும் புதிய சைலோவின் விலைப்பட்டியலிலேயே வைப்ரேட்டர் இருந்தால், கூம்பின் சரிவு எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்று கேட்டு, அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.