சமமில்லாத பேரம்

விமான நிலையச் சோதனையைப் பற்றி யார் குறைபட்டுக்கொண்டாலும் உடனே ஒரு பதில் வருகிறது: "பாதுகாப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் கொஞ்சம் கொடுக்கிறோம், எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்கிறோம். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எல்லோருக்கும் ஒரே அளவுதானா? என் மறுப்பு சோதனைக்கு எதிரானதல்ல, இந்தக் கணக்குக்கு எதிரானது.

ஆபத்து வெறும் கற்பனை என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. 1984 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டை ஒரு பெண் தன் ஆடைக்குள் கட்டியிருந்தார். 'பெண்தானே' என்று யாரையும் சோதிக்காமல் விட முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆகவே சோதனை வேண்டுமா என்பதல்ல கேள்வி. எந்த உடலை இயல்பான உடல் என்று வைத்துக்கொண்டு சோதிக்கிறார்கள் என்பதே கேள்வி.

இயந்திரத்திலிருந்து தொடங்கலாம். 2009 கிறிஸ்துமஸ் நாளில் ஒருவர் உள்ளாடைக்குள் வெடிமருந்தை மறைத்துக்கொண்டு டெட்ராய்ட் சென்ற விமானத்தில் பயணம் செய்து பிடிபட்டார். அதன்பின் அமெரிக்க விமான நிலையங்களில் முழு உடல் ஸ்கேனர்கள் வேகமாகப் பெருகின. பயணி கைகளைத் தூக்கி நிற்க வேண்டும். ஊழியர் ஒரே பார்வையில் முடிவுசெய்து, பெண்ணென்றால் இளஞ்சிவப்புப் பொத்தானையும் ஆணென்றால் நீலப் பொத்தானையும் அழுத்துவார். அந்தப் பாலுக்கு எதிர்பார்க்கும் வடிவத்திலிருந்து உடல் எங்கே மாறுகிறதோ அங்கே திரையில் குறி விழும். குறி விழுந்த இடத்தைக் கை தொடும். திருநங்கைக்கு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஏதோ ஓரிடத்தில் குறி விழக்கூடும். சாஷா காஸ்டன்ஸா-சாக் 2020இல் வெளிவந்த 'டிசைன் ஜஸ்டிஸ்' என்ற நூலை இந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறார். கறுப்பினப் பெண்களின் பின்னலுக்குள் விரல்விட்டுத் தேடுவது குறித்த புகார்கள் வலுத்த பிறகு, 2015இல்தான் ஊழியர்களுக்கு அது பற்றிப் பயிற்சி தர அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒப்புக்கொண்டது. பால் பொத்தானே தேவைப்படாத மென்பொருளுக்கு மாறுவதாக 2022இல் அறிவித்தது. மாற்ற முடிந்த ஒன்றைத்தான் அத்தனை ஆண்டுகள் பாதுகாப்பின் பெயரால் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நம் நாட்டில் பெரும்பாலும் இந்த வேலையைக் கையும் கைக்கருவியும் செய்கின்றன. ஆண்களை வரிசைக்கு எதிரிலேயே நிறுத்தித் தடவிப் பார்த்து அனுப்புகிறார்கள். பெண்களுக்குத் திரைச்சீலை போட்ட சிறு தடுப்பு. நான் பயணம் செய்த நிலையங்களில் ஆண்களுக்கு மூன்று, நான்கு வரிசைகள் இருந்தபோது பெண்களுக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தன. அந்தப் பக்கம் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கும் கணவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்தத் திரை நம் மரியாதைக்காக என்கிறார்கள். பிறர் கண்ணிலிருந்து அது காக்கிறது, உண்மைதான். ஆனால் உள்ளே நடப்பதற்குச் சாட்சி இல்லாமலும் செய்கிறது. ஒருமுறை மார்பருகே கருவி ஒலித்தது. உள்ளாடையின் கம்பி என்றேன். பதில் சொல்லாமல் அந்தக் காவலர் கையால் அழுத்திப் பார்த்தார். "தொடுவதற்கு முன் சொல்லலாமே" என்றேன். "எல்லாருக்கும் இப்படித்தான்மா" என்றார். அவர் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. நாள் முழுக்க நின்றபடி நூற்றுக்கணக்கான பெண்களின் உடலைத் தொட்டுப் பார்ப்பதே அவருடைய வேலை. பெண்ணைப் பெண்ணே சோதிப்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் ஏற்பாடு, என்னையும் கணக்கில் எடுக்கவில்லை, அவரையும் எடுக்கவில்லை.

மாதவிடாய்த் துணி கனமாக இருக்கும் நாளில், புற்றுநோயால் மார்பகம் அகற்றி சிலிக்கான் வடிவம் அணிந்திருக்கும்போது, செயற்கைக் காலோடு நிற்கும்போது இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவாகிறது? நடிகையும் நாட்டியக் கலைஞருமான சுதா சந்திரன் 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் காலை இழந்தவர். செயற்கைக் காலோடு ஆடி நாடறிந்தவர். ஒவ்வொரு முறையும் அந்தக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கு வேண்டுகோளாக ஒரு காணொளி வெளியிட்டார். வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று மட்டும் கருவியால் பாருங்கள் என்று கேட்டும் பயனில்லை என்றார். மத்திய தொழிற் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. விதிவிலக்கான சூழலில் மட்டுமே செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி என்றும் சொன்னது. விதி ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்கவைக்க, நாடறிந்த முகம் தேவைப்பட்டது. முகம் தெரியாத பெண் என்ன செய்வாள்? கழற்றுவாள், விமானத்துக்கு நேரமாகிறதே.

இவ்வளவு கொடுத்து நாம் பெறுவது என்ன என்றும் கேட்க வேண்டும். 2015இல் அமெரிக்காவில் மாறுவேடத்தில் நடத்திய ரகசியச் சோதனைகள் 70இல் 67 முறை போலி ஆயுதங்கள் பிடிபடாமல் போயின என்ற செய்தி வெளியானது. 2006 முதல் பயணிகளைக் காலணி கழற்றவைத்த அதே நாடு, 2025 ஜூலையில் அந்த விதியைக் கைவிட்டது. தவிர்க்கவே முடியாதது என்று சொல்லப்படும் விதிகளும் மாறுகின்றன. கேள்வி கேட்பவரைத் தீவிரவாதிக்குத் துணைபோகிறவராகப் பார்ப்பது, அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடத்தான் உதவும்.

நான் கேட்பவை பெரியவை அல்ல. தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். கருவியால் அறிய முடிந்ததைக் கையால் தேடக் கூடாது. யார் சோதிக்க வேண்டும் என்பதைத் திருநங்கையும் திருநம்பியும் தாங்களே சொல்லலாம் என்று இருக்க வேண்டும். விதிகள் தமிழிலும் அந்தத் திரைச்சீலைக்கு வெளியே ஒட்டப்பட வேண்டும். உள்ளே போகும் பெண்ணுக்கு எதற்கு இணங்குகிறோம், எதை மறுக்கலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் எதுவும் ஒரு குண்டையும் உள்ளே விடாது.