எண்ணப்படும் சிறுவர், எண்ணப்படாத தாமதம்

பட்டினச்சேரிக் கரையிலே படகு வந்து சேர்ந்தால், பிடித்து வந்த மீனை ஊரறிய ஏலம் கூறுகின்றனர். விலையிலே ஒளிவில்லை, மறைவில்லை. அவ்வூரிலோ வேறெவ்வூரிலோ ஒரு சிறுவன் வழக்கிலே சிக்கினால், நீதி அவனை எவ்வளவு காலம் காக்க வைத்தது என்ற கணக்கு மட்டும் ஊரறிய வருவதில்லையே, ஏன்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘இந்தியாவில் குற்றம்’ என்னும் ஏட்டைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டின் கணக்கு 2025இல்தான் வெளிவந்தது. சிறார்மீது 31,365 வழக்குகள், பிடிபட்டோர் 40,036 பேர், அவர்களில் நூற்றுக்கு 79 பேர் 16 வயது நிரம்பி 18ஐ எட்டாதவர்கள் என்று அது இயம்புகிறது. வயது, படிப்பு, குடும்பம் யாவும் கட்டம் கட்டிக் காட்டப்படுகின்றன. நன்று! ஆனால் விசாரிக்க வேண்டிய குழுமத்திலே நாற்காலி காலியாக இருந்ததா? அதற்குக் கட்டம் இல்லை. சிறுவனை எண்ணும் அரசு, தன்னை எண்ணவில்லை!

ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் கொண்ட குழுமம், நான்கு மாதத்திலே விசாரணையை முடிக்க வேண்டும். மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். நடப்பதென்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு மேல் மனுப் போட்டுத் திரட்டி, ‘இந்திய நீதி அறிக்கை’ குழுவினர் 2025இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. 2023 அக்டோபர் 31 வரை, 362 குழுமங்களின் முன்னிருந்த 1,00,904 வழக்குகளில் நூற்றுக்கு 55 முடியவில்லை. நான்கில் ஒரு குழுமம் முழு உறுப்பினரின்றி இருந்தது. இதை அறியவே மனுப் போட வேண்டியிருந்தது என்பது அதனினும் கொடுமையன்றோ!

“சிறுவன் அடையாளம் வெளிப்படுமே” என்பர். 74ஆம் பிரிவு அதைக் காக்கிறது, காக்கத்தான் வேண்டும். சிற்றூரின் பெயரோடு ‘ஒருவன்’ என்று அச்சிட்டால், யாரென்று ஊருக்கு விளங்கிவிடும். ஆகவே பட்டினச்சேரிக் கணக்கு வேண்டாம். காரைக்கால் மாவட்டத்தின் கணக்குப் போதும். மறைக்க வேண்டியது சிறுவனின் முகத்தை, மன்றத்தின் தாமதத்தையன்று!

நிலுவையை ஆறு மாதத்திற்கொருமுறை உயர்நிலைக் குழு ஆராய வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. ஆராய்ந்ததை அச்சிட்டு மக்கள்முன் வைக்கட்டும் என்கின்றோம்.

தோழர்களே! பிள்ளையின் வழக்கு முடியாத வீட்டிலே ‘தலையெழுத்து’ என்று அழுகின்றனர். தலையெழுத்தன்று, காலி நாற்காலி என்று காட்டவல்லது எண். அந்த எண்ணைக் கேளுங்கள், மாவட்டந்தோறும் கேளுங்கள்!