பேரவையும் பேசா நெஞ்சும்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கின்றது. எள்ளலும் இளமையும் அவற்றுள் இரண்டு. இவ்விரண்டும் கைகோத்து நடக்கும் படைப்பு ஒன்றினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது நம் இல்லங்களில் வளரும் இளைஞர் விரும்பிக் காணும் ஜப்பானிய அனிமே வரிசையைச் சேர்ந்தது. 'ககுயா-சமா: காதல் ஒரு போர்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். சித்திரம் அசைந்தால் அது சிறு பிள்ளைகளுக்கானது என்று எண்ணி அப்பால் நகர்ந்துவிடும் வழக்கம் பெற்றோராகிய நம்மிடையே உண்டு. இத்தொடரைப் பொறுத்தவரை அவ்வாறு நகர்வது நமக்கே இழப்பாகும்.

அகா அகாசாகா என்னும் ஓவியக் கதைஞர் 2015 முதல் 2022 வரை தொடராக வரைந்த மாங்கா நூலே இதன் மூலம். அது 28 தொகுதிகளாக நிறைவுற்றது. மமோரு ஹதகேயாமாவின் இயக்கத்தில், ஏ-1 பிக்சர்ஸ் என்னும் படக்கூடம் அதனை அனிமேயாக்கியது. 2019, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று பருவங்கள் ஒளிபரப்பாயின. 2022 டிசம்பரில் திரைப்படம் ஒன்றும் வெளிவந்தது.

கதைக்களம் ஒரு பள்ளியின் மாணவர் பேரவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியக் கல்வி சீரமைக்கப்பட்ட காலத்தில், மக்களாட்சிப் பயிற்சியாக மாணவர் பேரவைகள் பள்ளிதோறும் அமைந்தன. நடைமுறையில் அவற்றின் அதிகாரம் சிறிது. விழாக்களுக்கு ஏற்பாடு செய்தல், மன்றங்களுக்கிடையே இணக்கம் காணல், ஆசிரியர் காட்டும் வழியில் சில தீர்மானங்களை நிறைவேற்றல் என்ற அளவில் அவற்றின் பணி முடிந்துவிடும். ஆனால் அனிமே உலகிலோ பேரவை என்பது ஓர் அரசவை. 1997இல் வந்த 'புரட்சிப் பெண் உதேனா'விலும், 2013இல் வந்த 'கில் லா கில்'லிலும் பேரவையினர் வாளேந்தும் பெருவீரராகவே உலவுகின்றனர். ஆசிரியர்கள் இருக்குமிடம் தெரியாது. பேரவைத் தலைவர் கண்ணசைத்தால் பள்ளியே நடுங்கும். உள்ள அதிகாரத்துக்கும் புனைந்த அதிகாரத்துக்கும் இடையே கிடக்கும் இந்தத் தூரத்திலேதான் எள்ளல் முளைக்கின்றது.

ககுயா-சமா தொடரின் ஷூச்சியின் கல்விக்கூடம், ஒரு காலத்தில் பிரபுக்களும் படைக்குலத்தாரும் தம் மக்களைப் பயிற்றுவித்த இடம். துணைத்தலைவி ககுயா ஷினோமியா, 200 இலட்சம் கோடி யென் சொத்துடைய குடும்பத்தின் மகள். தலைவன் மியுகி ஷிரோகானேயோ செல்வம் இழந்த வீட்டின் பிள்ளை. சிறு குடியிருப்பில் தந்தையோடும் தங்கையோடும் வாழ்பவன்; பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பில் முதலிடம் பிடித்தவன். பேரவைத் தலைவர்க்குரிய பொன் நாண் அவன் மார்பில் தொங்குகின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் விரும்புகின்றனர். ஆயினும் முதலில் விருப்பத்தைச் சொல்பவர் தோற்றவராவார் என்பது அவர்தம் கொள்கை. எனவே மற்றவரைச் சொல்ல வைக்கும் பொருட்டு ஒவ்வொரு நாளும் சூழ்ச்சி வகுக்கின்றனர். போர்க்களச் செய்தி வாசிப்பவர்போல் ஒரு குரல் அச்சூழ்ச்சிகளை விரித்துரைக்கின்றது. முடிவில் இன்று தோற்றவர் யாரென்று தீர்ப்பும் கூறுகின்றது. திரைப்படச் சீட்டு இரண்டு, ஒரு குடை, ஒரு கைபேசி எண் என்று இத்துணைச் சிறிய பொருளுக்கு அத்துணைப் பெரிய முரசு ஒலிப்பதே நகைச்சுவையின் முதல் ஊற்று.

தமிழில் 'தலைவன்', 'தலைவி' என்னும் சொற்களுக்கு இரு பொருள் உண்டு. அவை அவைக்குத் தலைமை ஏற்றோரையும் குறிக்கும். அகத்திணையில் காதலரையும் குறிக்கும். ஜப்பானியப் படைப்பாளர் அறிந்திருக்க வழியில்லாத இவ்விரட்டைப் பொருள், இத்தொடரின் மையத்தை நமக்கு எளிதில் திறந்து காட்டுகின்றது. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பு இருமுறை வருவதும் இங்கு நினைக்கத்தக்கது. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில் அவைக்கு உரியது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில் காதலுக்கு உரியது. அரசவையில் முகம் பார்த்து மனம் அறியும் கலையும், காதலில் கண் பார்த்து நெஞ்சம் அறியும் கலையும் ஒன்றே என்று வள்ளுவர் பெயரிட்டார். ஷூச்சியின் பேரவையிலோ இவ்விரு கலைகளும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. அவைக்குரிய தந்திரத்தால் காதலைப் படிக்க முயன்று, அறிவிற் சிறந்த இருவர் எழுத்தறியாதவர் ஆகின்றனர்.

சான்றாக உணவுப் பெட்டிக் காட்சியைக் காண்போம். ஷிரோகானே வீட்டில் தானே சமைத்துக் கொண்டுவந்த பெட்டியில், எண்காலிபோல் நறுக்கிய சிறு சாசேஜ்கள் உள்ளன. தேர்ந்த சமையற்காரர் ஆக்கித் தரும் உணவை உண்டு வளர்ந்த ககுயாவுக்கு அவற்றின்மீது தீராத ஆசை. கேட்டால் கிடைக்கும்; கேட்க வாய் வரவில்லை. ஆசையும் ஏக்கமும் கலந்த அவள் பார்வையை, ஏழையின் உணவை இகழும் பார்வை என்று அவன் பொருள்கொள்கின்றான். நாம் சிரிக்கின்றோம். ஆனால் அவன் ஏன் அவ்வாறு பொருள்கொண்டான் என்று சற்று நின்று எண்ணினால், சிரிப்பின் அடியில் ஒரு காயம் தெரிகின்றது.

அப்பள்ளியில் இளமை முதல் பயின்று மேலேறியோர் ஒரு வகை. உயர்நிலை வகுப்பில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தோர் வேறொரு வகை. முன்னவர் பின்னவரைத் தம்மவராக எண்ணுவதில்லை. ஷிரோகானே பின்னவன். மதிப்பெண் ஒன்றே அவன் கையிலுள்ள காசு. அதனால்தான் உறக்கத்தைக் குறைத்துக் காப்பியைப் பெருக்கிப் படிக்கின்றான். பாட வராது, கைப்பந்து ஆட வராது என்பதை மறைத்து, செயலாளர் சிகா ஃபுஜிவாராவிடம் தனியே பயிற்சி பெறுகின்றான். முதலிடம் இழந்த நாளில் தான் ஒன்றுமில்லாதவன் ஆகிவிடுவோம் என்பது அவன் அச்சம். 'சொன்னவர் தோற்றவர்' என்னும் விதி ககுயாவுக்குச் செல்வச் செருக்கிலிருந்து வந்தது. அவனுக்கோ இந்த அச்சத்திலிருந்து வந்தது. ஒரே மௌனத்துக்கு இரு வேர்கள் என்று காட்டிய இடத்தில் இத்தொடர் வெறும் கேளிக்கையைக் கடந்துவிடுகின்றது.

பெயர்களும் இதற்குத் துணை நிற்கின்றன. ஜப்பானின் பழம்பெரும் உரைநடைக் கதையான மூங்கில் வெட்டியின் கதையில், நிலவுலகிலிருந்து வந்த இளவரசியின் பெயர் ககுயா. தன்னை மணக்க வந்த ஐவருக்கும் செய்ய இயலாத ஐந்து வேலைகளை அவள் இடுகின்றாள். டிராகனின் கழுத்து மணியைக் கொணரச் சென்று தோற்றவன் பெயர் மியுகி. மூன்றாம் பருவத்தின் முடிவில், பள்ளிக் கலைவிழாவில் டிராகனின் மணியாக வைத்த பெரும் பந்தினை ஷிரோகானே கவர்கின்றான். நெஞ்சு வடிவப் பலூன்கள் இரவு வானில் பறக்கின்றன. பழங்கதையில் தோற்றவனின் பெயருடையோன் இங்கே வெல்கின்றான். அப்போதும் அவன் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தொடரின் உயிர்நிலை என்று நாம் கருதுவது வேறிரண்டு இடங்கள். இரண்டும் இரண்டாம் பருவத்தில் வருகின்றன. ஒன்று தேர்தல். ஷிரோகானேவை எதிர்த்து நிற்கும் மிகோ ஈனோ என்னும் மாணவி நேர்மையே உருவானவள். ஆடவர் அனைவரும் முடியை ஒட்ட வெட்ட வேண்டும் என்று முழங்கும் அளவுக்கு ஒழுங்கில் பற்றுடையவள். ஆனால் மேடையேறினால் நா எழாது, அவை சிரிக்கும். அன்றும் சிரித்தது. வெற்றி கையிலிருந்த ஷிரோகானே வாளா இருந்திருக்கலாம். அவ்வாறின்றி மேடையில் அவளோடு நேருக்கு நேர் வாதிடத் தொடங்கினான். ஒருவனோடு பேசும்போது அவள் கூட்டத்தை மறந்தாள், சொல் பெருகியது, சிரித்தவர்கள் கேட்டார்கள். குறுகிய வாக்கு வித்தியாசத்தில் வென்றபின், அவளையே பேரவையின் தணிக்கைப் பொறுப்புக்கு அழைத்துக்கொண்டான். குறை காண்பவரைத் தணிக்கையாளராக்கும் தலைமை எத்துணை அரிது என்பதைக் கோப்புகளோடு வாழும் நம்மனோர் நன்கறிவோம்.

மற்றொன்று பொருளாளர் யூ இஷிகாமியின் பழைய வரலாறு. நடுநிலைப் பள்ளியில், ஒரு பெண்ணை வஞ்சித்தவனை அவன் அடித்தான். உண்மையைச் சொன்னால் அப்பெண்ணுக்குத் தீங்கு நேரும் என்பதால் வாய் மூடினான். பழி அவன்மேல் விழுந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதினால் பள்ளிக்கு வரலாம் என்றனர்; அவனால் எழுத முடியவில்லை. ஷிரோகானே உண்மையை ஆராய்ந்து கண்டபின், அவன் வீடு தேடிச் சென்று, அம்மன்னிப்புத் தாளிலேயே குற்றம் செய்தவனுக்குரிய வசையைப் பெரிய எழுத்தில் எழுதுகின்றான். எத்தனை நாள் வெற்றுத்தாளாய்க் கிடந்த நெஞ்சம் அது!

இவ்விடங்களை இணைத்துப் பார்த்தால் படைப்பின் கருத்து தெளிவாகும். பேசாமையில் இரு வகை உண்டு. இஷிகாமியின் மௌனம் பிறர் நலம் காத்தது. தலைவன் தலைவியரின் மௌனம் தம் நிலை காப்பது. அதிகாரத்தின் பயன் சொல்லற்றவருக்குச் சொல் வழங்குதல். அதனை ஷிரோகானே நன்கு அறிந்து செய்கின்றான். பிறர்க்கெல்லாம் சொல் ஈந்தவனிடம் தனக்கென ஒரு சொல் இல்லை. எள்ளல் முழுதும் இந்த முரணை நோக்கியே பாய்கின்றது.

குறைகளும் உண்டு. பிரபுக்குலப் பள்ளியின் ஏற்றத்தாழ்வை எள்ளி நகையாடும் கதை, அந்த அமைப்பை அசைக்கத் துணியவில்லை. திறமையால் ஒருவன் மேலேறியதைக் காட்டி நிறைவடைகின்றது. ஏற இயலாதவர் முகங்கள் பின்னணியிலேயே நின்றுவிடுகின்றன. மூன்றாம் பருவத்தில் காதல் பெருகப் பெருக எள்ளலின் கூர்மை மழுங்குகின்றது. சூழ்ச்சி, எதிர்ச்சூழ்ச்சி, சிகாவின் குறுக்கீடு என்னும் ஒரே வாய்பாடு சில பகுதிகளில் சலிப்பூட்டுகின்றது. வயது வந்தோர்க்குரிய வேடிக்கைப் பேச்சும் ஆங்காங்கே உள்ளமையால், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தனித்துக் காண ஏற்றதன்று.

ஆயினும் பெரிய பிள்ளைகளோடு நாமும் அமர்ந்து காணலாம் என்பதே நம் முடிவு. பிற மொழி வழங்கும் நகரங்களில், பிறர் ஆண்டாண்டாய்ப் பயின்ற பள்ளிகளில், இடையில் சென்று சேர்ந்தவர்கள் நம் மக்கள். அவர்கள் கையிலும் மதிப்பெண்ணே காசு. அதனை நாமே கொடுத்தனுப்பினோம், அதில் பிழையில்லை. ஆனால் முதலிடம் தவறினால் மதிப்பும் தவறும் என்னும் அச்சத்தையும் உடன் கொடுத்தனுப்பினோமா என்பது எண்ணத்தக்கது. திரைப்படத்தில் ஷிரோகானே ஓய்வின்றி உழைத்து மயங்கி விழுகின்றான். தான் விரும்புவது முதலிடம் பெறும் மாணவனை மட்டுமன்று, களைத்துப்போகும் மனிதனையும்தான் என்பதை ககுயா அவனுக்கு உணர்த்த வேண்டியிருக்கின்றது. அந்த உறுதியை நம் வீட்டுப் பிள்ளைகள் யார் வாயிலிருந்து கேட்பார்கள்? சொன்னவர் தோற்றவர் என்னும் விதி வீட்டுக்குள் செல்லாது. அச்சொல்லை முதலில் சொல்ல வேண்டியவர் மூத்தவராகிய நாமே.